விலைப்பட்டியலுக்குப் பின்னால் ஒரு மங்கல் எழுத்து
கம்ப்யூட்டரில் தயாரிக்கும் தாள்களுக்கு நீர்க்குறி போடும் முறை



நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. எஸ்.எஸ்.எல்.சி.யோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. மறு மாதமே மதுரை கீழமாசி வீதியில் அப்பாவின் பருப்புக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். சிட்டையும் பேரேடும் தெரியும். சரக்கின் தரம் கையில் அள்ளினால் தெரியும். கம்ப்யூட்டர் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், எனக்கு ஒரே பதில்தான் உண்டு. ஒரு தாளில் இருக்க வேண்டிய இரண்டு வார்த்தை இல்லாமல் போனதால், 22 ஆண்டு வாடிக்கையாளர் ஒருவரை இழந்தவன் நான். அந்த இரண்டு வார்த்தையை எப்படிப் போடுவது என்று பிறகு கற்றுக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான்

2019-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய மாதம். எங்கள் கடை எழுத்தர், இரண்டு மாதத்துக்கு முந்தைய விலைப்பட்டியலைக் கம்ப்யூட்டரில் திறந்து, தலைப்பை மட்டும் “தீபாவளி விலைப்பட்டியல்” என்று மாற்றி வைத்திருந்தார். விலைகளை நான் சொல்லச் சொல்ல மாற்றுவதாக ஏற்பாடு. அதற்குள் லாரி வந்துவிட்டது. சரக்கு இறக்கும் அவசரத்தில் நான், “லிஸ்ட் கேக்குறவங்களுக்கு அனுப்பி வைப்பா” என்று சொல்லிவிட்டேன். அவரும் பழைய விலையோடு அப்படியே இரண்டு மூன்று பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். தவறு அவருடையது அல்ல. சொன்னவன் நான்.

பட்டியலைப் பெற்றவர்களில் ஒருவர் கிராமத்து மளிகைக் கடைக்காரர். தீபாவளிச் சீட்டு நடத்துகிறவர். எங்கள் பட்டியலை வைத்துக் கணக்குப் போட்டு, 150 வீட்டுக்குத் தலா 2 கிலோ துவரம்பருப்பு, 2 கிலோ உளுந்து என்று விலை பேசி முடித்துவிட்டார். அந்த ஆண்டு மத்தியப் பிரதேசத்தில் பெய்த மழையில் உளுந்து விளைச்சல் கெட்டு விலை ஏறிக்கொண்டிருந்தது. அவர் சரக்கெடுக்க வந்த அன்று பட்டியல் விலைக்கும் அன்றைய விலைக்கும் துவரையில் கிலோவுக்கு 6 ரூபாயும், உளுந்தில் 18 ரூபாயும் வித்தியாசம்.

அவர் செல்போனை எடுத்துக் காட்டினார். “அண்ணாச்சி, இது உங்க கடை லிஸ்ட்டுதானே?”

“ஆமா. ஆனா அது முடிவான லிஸ்ட் இல்லை. விலை போடுறதுக்கு முன்னாடி வந்தது.”

“அப்படின்னு இதுல எங்கயும் போடலையே அண்ணாச்சி.”

அவர் சத்தம் போடவில்லை. கேட்டது அவ்வளவுதான். எனக்குப் பதில் இல்லை. இருந்தும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. மொத்த வித்தியாசம் 7,200 ரூபாய். “பாதி நான் ஏத்துக்கிறேன், பாதி நீங்க ஏத்துக்கங்க” என்று முடித்தேன். அவர் பேரம் பேசாமல் 3,600 ரூபாயைக் கூடுதலாக எண்ணி வைத்துவிட்டு 12 மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போனார். 150 வீட்டுக்கும் பேசிய விலையிலேயே கொடுத்து வாக்கைக் காப்பாற்றினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதன் பிறகு அவர் எங்கள் கடைப் படி ஏறவில்லை.

அன்று 3,600 ரூபாய் மிச்சம் என்று நினைத்தேன். நாள் ஆக ஆகத்தான் உறைத்தது. தாளில் இல்லாத ஒன்றை வாயால் சொல்லி, என் தவறில் பாதியை அவர் தலையில் ஏற்றியிருக்கிறேன். அந்தப் பட்டியலின் குறுக்கே “விலை முடிவாகவில்லை” என்று மங்கலாக ஓர் எழுத்து இருந்திருந்தால், அவர் சீட்டுக்காரர்களிடம் விலை பேசும் முன் எனக்கு ஒரு போன் செய்திருப்பார். இதில் சந்தேகமே இல்லை.

அந்த மங்கல் எழுத்துக்குப் பெயர்தான் வாட்டர்மார்க். தமிழில் நீர்க்குறி என்கிறார்கள்.

நீர்க்குறி நமக்குப் புதிதல்ல

நாம் தினமும் நீர்க்குறியைப் பார்க்கிறவர்கள்தான். 500 ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறோமே, வெள்ளைப் பகுதியில் காந்தி முகம் தெரிகிறதே, அதுதான் நீர்க்குறி. 1996-இல் ரிசர்வ் வங்கி மகாத்மா காந்தி வரிசை நோட்டுகளை வெளியிட்டதிலிருந்து அந்த முகம் வருகிறது. அதற்கு முந்தைய நோட்டுகளில் அசோகர் தூணின் சிங்க உருவம் இருந்தது. இப்போது புழங்கும் சி.டி.எஸ். 2010 வகைக் காசோலையை வெளிச்சத்தில் பிடித்தால் “சி.டி.எஸ். இந்தியா” என்ற எழுத்து தெரியும். அதுவும் இதே இனம்.

தாளில் இப்படிக் குறி போடும் பழக்கம் 13-ஆம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டின் பாப்ரியானோ என்ற ஊரில் தொடங்கியது. அந்த ஊர் தாள் தயாரிப்புக்குப் பேர் போனது. தாள் செய்யும் சல்லடை அச்சின் மேல் கம்பியை வளைத்து ஓர் உருவம் தைத்து வைப்பார்கள். கூழ் படியும்போது கம்பி இருக்கும் இடத்தில் மட்டும் தாள் சற்று மெலிதாகும். வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடம் மட்டும் துலங்கும். எந்தப் பட்டறைத் தாள், என்ன தரம் என்று வாங்குகிறவர் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார். நாம் மூட்டையில் மார்க் போடுவது போலத்தான்.

நாம் “புல்ஸ்கேப் தாள்” என்கிறோமே, அந்தப் பெயரும் இப்படி வந்ததே. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் அந்த அளவுத் தாளில் விதூஷகன் தலையில் வைக்கும் மணி கட்டிய குல்லாயை நீர்க்குறியாகப் போட்டார்கள். கோமாளிக் குல்லாய் என்பதற்கான ஆங்கிலச் சொல்லே தாளின் பெயராக நின்றுவிட்டது.

ஆனால் ஒன்றைத் தெளிவாக நினைவில் வைக்க வேண்டும். நோட்டில் இருப்பது தாளுக்குள்ளேயே இருக்கும் குறி. கம்ப்யூட்டரில் நாம் போடப்போவது, எழுத்துக்குப் பின்னால் வெளிறிய மையில் அச்சாகும் பெரிய எழுத்து மட்டுமே. பெயர் ஒன்று, பலம் வேறு. இந்த வித்தியாசத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

எந்தத் தாளுக்கு என்ன வார்த்தை?

கம்ப்யூட்டரைத் தொடும் முன் இதை முடிவு செய்ய வேண்டும். தாளைக் கையில் வாங்குகிறவர் அதை என்னவென்று தவறாக எண்ணக்கூடும்? அந்த எண்ணத்தைத் தடுக்கும் வார்த்தைதான் தேவை. எங்கள் கடையில் வைத்திருக்கும் வழக்கம் இது:

விலை போட்டு முடிக்காத பட்டியலுக்கு “விலை முடிவாகவில்லை”.

கல்யாணம், விடுதி, கேன்டீன் ஆர்டர்களுக்குக் கொடுக்கும் தொகைக் கணக்குக்கு “மதிப்பீடு மட்டும்”.

ஒரு முறை கொடுத்துவிட்ட கடிதத்தின் பிரதி கேட்டால் “நகல்”.

புது விலை வந்த பிறகு கோப்பில் வைத்திருக்கும் பழைய பட்டியலுக்கு “பழைய விலை”.

வேண்டாம் என்று முடிவான ஆர்டர் கடிதத்துக்கு “ரத்து”.

கடைப் பெயரையே மங்கலாகப் போடுகிறவர்கள் உண்டு. பார்க்க அழகாக இருக்கும், தவறில்லை. ஆனால் கடைப் பெயர் மேலே தலைப்பிலேயே இருக்கிறது. இந்தத் தாள் என்ன தாள் என்று சொல்லும் வார்த்தைதான் நமக்குச் சோறு போடும். வார்த்தை இரண்டுக்கு மேல் போக வேண்டாம். நீளம் கூடினால் எழுத்து சிறுத்துவிடும்.

வேர்டில் போடும் முறை

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது பிளஸ் டூ படிக்கும் என் பேத்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படியாகச் சொன்னாள். நான் பழைய டைரியில் எழுதிக்கொண்டேன். அதை அப்படியே தருகிறேன்.

1. மைக்ரோசாப்ட் வேர்டில் உங்கள் விலைப்பட்டியலைத் திறந்துகொள்ளுங்கள்.

2. மேலே உள்ள பட்டையில் “டிசைன்” என்பதை அழுத்துங்கள். இது 2013 பதிப்பும் அதற்குப் பிந்தையதும் வைத்திருப்பவர்களுக்கு. 2007, 2010 பதிப்புகளில் “பேஜ் லேஅவுட்” என்பதை அழுத்த வேண்டும். இன்னும் 2003 பதிப்பை ஓட்டுகிறவர்கள் “ஃபார்மட்”, அதில் “பேக்ரவுண்ட்”, அதில் “பிரிண்டட் வாட்டர்மார்க்” என்று போக வேண்டும்.

3. புதிய பதிப்புகளில் வலது ஓரமாக “வாட்டர்மார்க்” என்று இருக்கும். அதை அழுத்தினால் ஆங்கிலத்தில் “டிராஃப்ட்”, “சாம்பிள்”, “கான்ஃபிடென்ஷியல்” போன்ற தயார் வார்த்தைகள் படமாகத் தெரியும். ஆங்கிலம் போதும் என்றால் ஒன்றை அழுத்தினால் வேலை முடிந்தது.

4. தமிழில் வேண்டுமானால் அதற்குக் கீழே “கஸ்டம் வாட்டர்மார்க்” என்பதை அழுத்துங்கள். ஒரு சிறு பெட்டி திறக்கும்.

5. பெட்டியில் மூன்று வழி இருக்கும். முதலாவது, குறி வேண்டாம் என்பது. இரண்டாவது “பிக்சர் வாட்டர்மார்க்”. கடைச் சின்னம், படம் வைக்க. மூன்றாவது “டெக்ஸ்ட் வாட்டர்மார்க்”. மூன்றாவதைத் தேர்ந்தெடுங்கள்.

6. “டெக்ஸ்ட்” என்ற கட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆங்கில வார்த்தையை அழித்துவிட்டு, உங்கள் வார்த்தையைத் தட்டச்சு செய்யுங்கள். “ஃபான்ட்” என்ற கட்டத்தில் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள்.

7. “சைஸ்” கட்டத்தில் “ஆட்டோ” என்றே இருக்கட்டும். தாளுக்கு ஏற்றபடி தானே பெரிதாகிக்கொள்ளும். நிறம் சாம்பலாகவே இருக்கட்டும். “செமி டிரான்ஸ்பரன்ட்” என்ற இடத்தில் டிக் இருக்க வேண்டும். அந்த டிக்தான் எழுத்தை மங்கலாக்குகிறது. அதை எடுத்துவிட்டால் அழுத்தமாகி விலைகளை மறைக்கும்.

8. “டயகனல்” என்பது குறுக்குச் சாய்வு. “ஹாரிசான்டல்” என்பது படுக்கைவாட்டம். சாய்வையே வையுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். கடைசியில் “ஓகே” கொடுங்கள்.

ஒரு பக்கத்தில் போட்டால் போதும். வேர்டு அதைப் பக்கத்தின் மேல் தலைப்புப் பகுதியோடு சேர்த்து வைத்துக்கொள்வதால் எல்லாப் பக்கத்திலும் தானே வரும். எடுக்க வேண்டும் என்றால் அதே “வாட்டர்மார்க்” பட்டியலின் அடியில் “ரிமூவ் வாட்டர்மார்க்” இருக்கிறது.

கடைச் சின்னத்தைப் படமாக வைக்கிறவர்கள் “வாஷ்அவுட்” என்ற இடத்தில் டிக் இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதுதான் படத்தை வெளிறச் செய்யும். “ஸ்கேல்” என்பது படத்தின் அளவு.

மைக்ரோசாப்ட் வேர்டு இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. விலையில்லாமல் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் “ஃபார்மட்” பட்டியலிலேயே “வாட்டர்மார்க்” இருக்கிறது. எழுத்து, சாய்வு, மங்கல் அளவு எல்லாம் ஒரே பெட்டியில் மாற்றலாம். கூகுள் டாக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் கம்ப்யூட்டரில் திறந்து “இன்செர்ட்” பட்டியலில் “வாட்டர்மார்க்” என்பதைத் தேடிக்கொள்ளலாம்.

தமிழ் எழுத்து சரியாக வர

யூனிகோடில் தட்டச்சு செய்கிறவர்கள் எழுத்துருவாக “லதா” அல்லது “நிர்மலா” வைத்தால் சிக்கலில்லை. வார்த்தைக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு தவறு என்று பொருள், மாற்றினால் சரியாகிவிடும்.

பழக்கத்தால் இன்னும் “பாமினி” எழுத்துருவில் தட்டச்சு செய்கிற எழுத்தர்கள் நம் கடைகளில் நிறைய உண்டு. அவர்கள் அந்தச் சிறு பெட்டியில் தட்டும்போது ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். பயப்பட வேண்டாம். “ஃபான்ட்” கட்டத்தில் பாமினியைத் தேர்ந்தெடுத்து “ஓகே” கொடுத்தால் தாளில் தமிழாக வரும்.

அடிக்கடி வரும் கோளாறுகள்

குறி திரையில் தெரியவில்லை: “வியூ” பட்டையில் “பிரிண்ட் லேஅவுட்” வைத்துப் பாருங்கள். “டிராஃப்ட்” பார்வையில் குறி தெரியாது.

திரையில் தெரிகிறது, அச்சில் வரவில்லை: “ஃபைல்”, “ஆப்ஷன்ஸ்”, “டிஸ்ப்ளே” என்று போனால் “பிரிண்ட் டிராயிங்ஸ் கிரியேட்டட் இன் வேர்டு” என்று ஒரு வரி இருக்கும். அதில் டிக் போடுங்கள்.

விலைக் கட்டங்களுக்குப் பின்னால் மட்டும் காணவில்லை: நம் பட்டியல்களில் அதிகம் வருவது இதுதான். அழகுக்காகக் கட்டங்களுக்கு மஞ்சள், பச்சை என்று வண்ணம் நிரப்பியிருப்பார்கள். குறி எழுத்துக்குப் பின்னால் இருப்பது. கட்டத்தின் வண்ணம் அதன் மேல் போர்வை போல மூடிவிடும். கட்டத்து வண்ணத்தை எடுத்துவிட்டுக் கோடு மட்டும் வையுங்கள்.

முதல் பக்கத்தில் மட்டும் இல்லை: முதல் பக்கத்துக்குத் தனித் தலைப்பு வைத்திருக்கக்கூடும். அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு மறுபடி போட்டுவிட்டு எல்லாப் பக்கத்தையும் ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.

குறி விலையை மறைக்கிறது: இதைச் சாதாரணமாக விடக்கூடாது. குறியின் ஒரு வளைவு 138-இல் உள்ள 3 மேல் விழுந்தால் 188 என்று படிக்கத் தோன்றும். எங்கள் கடையில் முதல் பிரதியை எடுத்ததும், கண்ணாடி போட்ட எடையாளர் ஒருவரிடம் கொடுத்து விலைகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். அவர் தடுமாறாமல் படித்தால்தான் அடுத்த பிரதி. தடுமாறினால் குறியின் நிறத்தை இன்னும் வெளிறியதாக மாற்றுவோம்.

பிரிண்டரைப் பார்த்துச் செய்யுங்கள்

லேசர் பிரிண்டரில் மங்கல் எழுத்து நன்றாக வரும். டோனர் தீரும் நிலையில் இருந்தால் முதலில் காணாமல் போவது இந்தக் குறிதான். ஜெராக்ஸ் எடுக்கும்போதும் மங்கல் எழுத்து சில நேரம் மறைந்துபோகும்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் இந்த வேலை வேண்டாம். சாம்பல் நிறத்தைப் புள்ளி புள்ளியாக அடித்து நேரத்தையும் ரிப்பனையும் தின்னும். விலையும் தெளிவாக இருக்காது. அவர்களுக்குப் பழைய ரப்பர் ஸ்டாம்பே நல்லது. “மதிப்பீடு மட்டும்” என்று ஒரு ஸ்டாம்பு செய்து வைத்துக் குத்திக்கொடுங்கள். குறி எந்திரத்தில் வந்தாலும் கையில் வந்தாலும் பயன் ஒன்றுதான்.

இது பூட்டு அல்ல

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நீர்க்குறி போட்டுவிட்டால் தாளை யாரும் திருத்த முடியாது என்று சிலர் நம்புகிறார்கள். அது தவறு. வேர்டு கோப்பை அப்படியே அனுப்பினால், பெறுகிறவர் “ரிமூவ் வாட்டர்மார்க்” என்பதை ஒரு முறை அழுத்தினால் போதும்; குறி போய்விடும். விலையையும் மாற்றிக்கொள்ளலாம்.

ஆகவே வெளியே போகிற எந்தத் தாளையும் “சேவ் அஸ்” கொடுத்துப் பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள். அதிலும் குறியை எடுக்க வழி உண்டு. ஆனால் அதற்கு மெனக்கெட வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் “டாக்குமென்ட்” என்ற வழியில் அனுப்புங்கள். படமாகப் போனால் தரம் குறைந்து மங்கல் எழுத்து இன்னும் மங்கிவிடும்.

சாய்வாகப் போடச் சொன்னதற்குக் காரணமும் இதில்தான் இருக்கிறது. செல்போனில் பட்டியலின் ஒரு பகுதியை மட்டும் வெட்டி இன்னொருவருக்கு அனுப்புகிறார்கள். படுக்கைவாட்டமான குறி நடுவில் ஓரிரு வரிக்குப் பின்னால் மட்டும் இருக்கும். சாய்வான குறி கீழ் மூலையிலிருந்து மேல் மூலை வரை பல வரிகளைத் தொட்டுப் போகும். பெரும்பாலும் வெட்டிய துண்டிலும் ஓர் எழுத்தாவது ஒட்டிக்கொண்டு வரும். ஒரே ஒரு வரியை வெட்டினால் அதுவும் இல்லாமல் போகலாம்.

எனவே மங்கல் எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். பட்டியலின் மேலேயே சாதாரணக் கறுப்பு எழுத்தில் ஒரு வரி இருக்க வேண்டும்: “இந்த விலை இன்ன தேதி மாலை 6 மணி வரை.” நாளை வழக்கு என்று வந்தாலும், பேச்சு என்று வந்தாலும் துணை நிற்பது அந்த வரிதான். நீர்க்குறி, படிக்காமல் புரட்டுகிறவரை நிறுத்திப் படிக்க வைக்கிற கைகாட்டி. அவ்வளவே அதன் வேலை.

பில்லில் கவனம்

நீர்க்குறியை விலைப்பட்டியல், மதிப்பீடு, கடிதங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள ஜி.எஸ்.டி. விதிப்படி, சரக்குக்கான வரி பில் மூன்று பிரதி எடுக்கவேண்டும். முதல் பிரதி வாங்குபவருக்கு, இரண்டாவது சரக்கு கொண்டுசெல்பவருக்கு, மூன்றாவது விற்பவருக்கு என்று அந்தந்தப் பிரதியில் குறிப்பிட வேண்டும். அந்தக் குறிப்பைப் பளிச்சென்று தெரியும்படி மேலேயே அச்சிடுங்கள். மங்கலாகப் பின்னால் போட்டுவிட்டு “போட்டிருக்கிறேனே” என்று வாதாடும் நிலை வேண்டாம்.

அதுபோலவே மதிப்பீட்டுத் தாளையும் புரோபார்மா பில்லையும் வரி பில் என்று எண்ணி உள்ளீட்டு வரிக்குக் கணக்கில் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அது செல்லாது, வரி பில் வேண்டும். நாம் கொடுக்கும் மதிப்பீட்டில் “மதிப்பீடு மட்டும்” என்று குறுக்கே இருந்தால், சில்லரை வியாபாரியின் கணக்குப்பிள்ளையும் தவற மாட்டார். நமது ஒரு வார்த்தை அவரை அபராதத்திலிருந்து காக்கும்.

குறியை எடுப்பதுதான் முதலாளி வேலை

இத்தனை முறையும் தெரிந்த பிறகும் நான் ஒரு தவறு செய்தேன். பட்டியலை முடித்துவிட்டு, தேவைப்பட்டால் குறி போடுவோம் என்று வைத்திருந்தேன். அவசர நாளில் அது மறந்துபோகும். 2019-இல் நடந்ததும் ஓர் அவசர நாளில்தான்.

இப்போது அதைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். எங்கள் கம்ப்யூட்டரில் விலை எதுவும் இல்லாத வெற்றுப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் “விலை முடிவாகவில்லை” என்ற குறி எப்போதும் இருக்கும். எழுத்தர் தினமும் அதிலிருந்துதான் புதுப் பட்டியலைத் தொடங்குவார். பழைய பட்டியலைத் திறந்து திருத்தும் பழக்கத்தை நிறுத்திவிட்டோம். ஒவ்வொரு விலையையும் நான் பார்த்து, தேதி வரியையும் போட்ட பிறகு, என் கையால் குறியை எடுக்கிறேன். பிறகுதான் அது வெளியே போகும். நான் இல்லாத நாளில் குறியோடுதான் போகும். பெறுகிறவர் போன் செய்து கேட்டுக்கொள்வார். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

போட மறந்தால் ஆபத்து. எடுக்க மறந்தால் ஒரு போன் செலவு. எது நமக்குக் கட்டுப்படியாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

2022-இல் அந்தக் கிராமத்துக் கடைக்காரரின் ஊருக்கே போனேன். அவர் கல்லாவுக்கு முன் நின்று 3,600 ரூபாயை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. “கணக்கு அன்னிக்கே முடிஞ்சு போச்சு அண்ணாச்சி, உட்காருங்க” என்று காபி வரவழைத்துக் கொடுத்தார். வியாபாரம் பற்றி இருவரும் பேசவில்லை. இன்று வரை அவர் எங்கள் கடைக்கு வரவில்லை. வேறு இடத்தில் நல்லபடியாகச் சரக்கெடுக்கிறார். நான் மாதாமாதம் அவருக்கும் பட்டியல் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன், தேதி போட்டு.

சில்லரை வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. மொத்தக் கடையிலிருந்து பட்டியல் வந்தால் விலையைப் பார்க்கும் முன் அதன் பின்னால் ஏதாவது எழுத்து இருக்கிறதா, மேலே தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. சொல்வது எங்கள் கடமை.

மொத்த வியாபாரிகள் இன்று கடை சாத்தும் முன் கால் மணி நேரம் ஒதுக்கி, எழுத்தரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த வெற்றுப் பட்டியலைத் தயார் செய்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.